வைரவருக்குக் குடுத்த முழு உரிமை

தவமலர் போன செய்தி வரேக்க நான் சலூன் கதிரையில அரை முகம் நுரையோட இருந்தனான். சவரம் எடுக்கிற தம்பி ஒரு கையில கத்தி, மற்றக் கையில போன், பாத்தவன் பாத்தபடி நிண்டான். "சின்னராசண்ணை, எங்கட பக்கம் ஒரு செத்தவீடாம்" எண்டான். நான் கண்ணாடியில என்னைப் பாத்து, "மூச்சு வருது, அப்ப நானில்லை. நீ வழி" எண்டன். வாங்கில காத்துக்கொண்டிருந்த ரெண்டு பேரும் சிரிச்சினம். அவை சிரிச்சு முடியத்தான் அவன் பேரைச் சொன்னான். நான் மிச்ச முகத்தை வழிக்காமல் எழும்பி, துவாயால துடைச்சுப்போட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனன். ஏறி ஓட மனம் வரேல்லை. செத்த ஆளின்ர பேர் தெரிய முந்தியே பகிடி விட்ட வாய் இது. அந்த வாய் செய்த வேலையைத்தான் இதில எழுதப் போறன்.

விடிய நெஞ்சு நோகுது எண்டவாவாம். அவாவின்ர தங்கச்சி செல்வமலர் ஓட்டோ பிடிச்சுக் கிளிநொச்சிக்கு ஏத்திக்கொண்டு போக, வழியிலயே கண்ணை மூடிட்டாவாம். வயசு ஐம்பத்தெட்டு. எனக்கு எழுபத்தாறு. ஆர் முந்திப் போயிருக்க வேணும் எண்டு உங்களுக்கே தெரியும்.

முப்பத்தோராம் நாளுக்கு அடிச்சு வீடு வீடாக் குடுக்கிற இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தில என்னை எழுதச் சொல்லி ஆரும் கேட்கேல்லை. நானாத்தான் செல்வமலரிட்டப் போய்க் கேட்டனான். "பகிடி எழுதப் போறியளோ, அண்ணை?" எண்டா. இல்லைப் பிள்ளை, விட்ட பகிடி ஒண்டைத் திருப்பி எடுக்கப் போறன் எண்டன். எழுதிக்கொண்டு வாங்கோ, பாப்பம் எண்டா. நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன். புத்தகத் தமிழ் வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதியிருக்கிறன். படிச்ச ஆக்கள் பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களுக்கு இணையத்தில வாற எங்கட ஊர்ப் படத்தளம் தெரியும். அதை ஆர் கட்டினது எண்டு கனபேருக்குத் தெரியாது. ஒவ்வொரு இடப்பெயர்விலயும் நாங்கள் அரிசிப் பையைத் தூக்கினனாங்கள், படம் ஒட்டின அல்பத்தை விட்டிட்டு வந்தனாங்கள். திரும்பி வந்து பாக்கேக்க ஒரு வீட்டிலயும் அம்மா அப்பான்ர முகம் இல்லை. ஆனால் கலியாண வீட்டுப் படங்கள் அந்தக் காலத்திலயே கனடா, சுவிஸ் எண்டு தபாலில போயிருந்தது. தவமலர் அதைத்தான் திருப்பிக் கேட்டவா. கிளிநொச்சியில ஒரு கந்தோரில கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்தவா. புருசனைக் கடைசிச் சண்டையில பறிகுடுத்தவா. அவரின்ர படமும் அவாட்ட ஒண்டும் இருக்கேல்லை. சனசமூக நிலையத்தின்ர பின் அறையில ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு லப்ரொப். ஒரு வகுப்புக்கும் போகாமல், தட்டித் தடவி, ஹோஸ்ரிங் எண்டு இணையத்தில ஒரு இடத்தை எடுத்து, அதில சைற்றை எழுப்பினவா. படம் கட்டுக் கட்டா வந்தது. படத்தில இருக்கிறது ஆர் எண்டுதான் தெரியாது. அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டவா. ஊரில எல்லாரையும் தெரிஞ்சவன் நான். எல்லாருக்கும் பட்டப்பேர் வைச்சவனும் நான்தான்.

முதல் கிழமையே கொழுவல். ஒரு படத்துக்குக் கீழ நான் 'கொக்குக் கந்தசாமி', 'புளிச்சல் பாக்கியம்' எண்டு எழுதிப்போட்டன். அவா அதை அழிக்கேல்லை. அட்டவணையில புதுசா ஒரு நிரல் போட்டு, பட்டப்பேர் எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளி, வெளியில தெரியாமல் மறைச்சுப்போட்டா. "பட்டப்பேர் தேடுறதுக்கு, அண்ணை. காட்டுறதுக்கில்லை" எண்டா. எனக்கு விளங்கேல்லை. என்ர சரக்கைப் பூட்டி வைச்சிட்டா எண்டு மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிஞ்சன்.

பிறகு தேத்தண்ணிக் கடை மஜீத் நானாவாலதான் விளங்கினது. முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போக வைச்ச காலத்தில அவையின்ர குடும்பமும் வெறுங்கையோட போய், கன வருசத்தால திரும்பி வந்ததுகள். வாப்பான்ர படம் ஒண்டு கிடைக்குமோ எண்டு ஒரு நாள் நிலையத்துக்கு வந்தார். வாப்பான்ர முழுப் பேரைப் போட்டுத் தேடினா, ஒண்டும் இல்லை. தவமலர் என்ர பக்கம் திரும்பி, "அண்ணை, நீங்கள் அவரை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?" எண்டு கேட்டா. மகனுக்கு முன்னால சொல்ல எனக்கு வெக்கம். கோப்பிச் சட்டி எண்டன், மெல்ல. அவா அதைத் தட்டினா. ஆரோ ஒருத்தரின்ர கலியாண வீட்டுப் படம் வந்து நிண்டுது. பந்தலுக்குப் பின்னால, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, பெரிய சட்டியோட வாப்பா. மஜீத் நானா லப்ரொப் கண்ணாடியில விரலை வைச்சு அந்த முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்தார். தவமலர் அந்த இடத்திலயே படத்துக்குக் கீழ 'ஜனாப்' போட்டு முழுப் பேரையும் எழுதினா. நான் வைச்ச பேர் உள்ளுக்க, ஒருத்தற்ற கண்ணிலயும் படாமல் கிடந்தது.

அதுக்குப் பிறகு எனக்கு ஆசை வந்திட்டுது. பேரைக் கடதாசியில எழுதிக் குடுக்கிறது காணாது, அவா மாதிரி நானும் உள்ளுக்கப் போய்ச் செய்ய வேணும் எண்டு. ஒவ்வொரு நாளும் நச்சரிச்சன். ஒரு நாள் கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கோ காட்டுறன் எண்டா. ஹோஸ்ரிங்காரர் குடுக்கிற கட்டுப்பாட்டுப் பலகை எண்டு ஒண்டு இருக்கு. பலகை எண்டால் பலகை இல்லை, கொம்பியூற்றரில கட்டம் கட்டமா வாற ஒரு பக்கம். அதில ஒரு கட்டத்தைத் தட்டினா. மேல டேற்றாபேஸ், அதுதான் எல்லாற்ற பேரும் இருக்கிற களஞ்சியம். கீழ யூசர்மார், களஞ்சியத்துக்குள்ள போக வைச்சிருக்கிற ஆக்கள். நடுவில ரெண்டையும் சேத்து வைக்கிற இடம். சேத்தவுடன ஒரு பட்டியல் வந்தது, சின்னச் சின்னச் சதுரமா. பாக்கலாம், எழுதலாம், திருத்தலாம், அழிக்கலாம் எண்டு. எதை விடுறமோ அதுக்குச் சரி போட வேணும். எல்லாத்துக்கும் மேல ஒரு சதுரம் தனிய இருந்தது. அதில சரி போட்டால் கீழ இருக்கிற எல்லாத்திலயும் தானா விழும். "இது முழு உரிமை, அண்ணை. இதை ஒரு ஆளுக்கும் குடுக்கக் கூடாது" எண்டா. இந்தச் சொல்லை நினைவில வைச்சிருங்கோ. நானும் வைச்சிருந்தனான், பிழையா.

அவா அடிக்கடி சொல்லுற கதை ஒண்டு இருக்கு. "அறை கட்டுறது ஒரு வேலை. ஆளுக்குப் பேர் வைக்கிறது ஒரு வேலை. ஆளை அறைக்குள்ள விடுறது மூண்டாவது வேலை. மூண்டையும் ஒரு மூச்சில செய்யக் கூடாது." சொன்ன மாதிரியே செய்வா. ஒவ்வொண்டுக்கும் இடையில எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வருவா. நான் பகிடி பண்ணுவன், உன்ர சைற்றுக்குக் குளத்துத் தண்ணியும் காணாது பிள்ளை எண்டு.

அண்டைக்கு என்ர பேரில ஒரு யூசர் போட்டா. இங்கிலிசு எழுத்தில சின்னராசா எண்டு. மூண்டு சரி விழுந்தது: பாக்கலாம், எழுதலாம், திருத்தலாம். நாலாவதைத் தொடேல்லை. ஏன் பிள்ளை, எனக்கு அழிக்கத் தெரியாதோ எண்டு கேட்டன். "அழிக்கத் தெரியும். அழிச்சுப்போட்டுப் பகிடிக்குச் செய்தனான் எண்டு சொல்லுவியள்" எண்டா. நான் சிரிச்சன். ஆனால் அந்தச் சொல்லு உள்ளுக்க குத்திக்கொண்டு கிடந்தது, உண்மை எண்டபடியால். பாஸ்வேர்ட்டுக்கு நான் என்ர மனிசியின்ர பேரை வைச்சன். அதை மாத்த வைச்சா. பெண்சாதிக்குப் பாஸ்வேர்ட்டைச் சொல்லவும் கூடாது, பெண்சாதியைப் பாஸ்வேர்ட்டா வைக்கவும் கூடாது எண்டா. புதுசு வைச்சு மூண்டு தரம் மறந்தன். மூண்டு தரமும் முகம் சுழிக்காமல் மாத்தித் தந்தா.

எங்களோட பேர் எழுதின ஒருத்தர் பிரான்சுக்குப் போனார். அவர் பிளேன் ஏறின அண்டைக்கே அவரின்ர யூசரை எடுத்துப்போட்டா. எனக்குச் சரியாப் படேல்லை, மனிசன் கோவிக்காதோ எண்டன். "கோவத்தில எடுக்கேல்லை, அண்ணை. ஆள் இல்லாத கதவு திறந்து கிடக்கக் கூடாது" எண்டா. அப்பிடிக் கவனமான ஆள். அவாவுக்குத்தான் நான் அதைச் செய்தனான்.

இனி வைரவநாதனைப் பற்றிச் சொல்ல வேணும். ஊரில அவரை முழுப் பேர் சொல்லி ஆரும் கூப்பிடுறேல்லை. வைரவர்தான். இது நான் வைச்ச பேர் இல்லை, சனமாச் சுருக்கினது. அப்ப அவர் நிலையத்தின்ர செயலாளர். பெண்சாதி செத்துக் கன வருசம். எனக்கும் அவருக்கும் வாய்க்கால் தண்ணியில தொடங்கின கோவம், அது காஞ்சதே இல்லை. வெளிநாட்டில இருந்து வாற படக் கட்டுகளைத் தபால் கந்தோரில எடுத்துக்கொண்டு வந்து, தவமலரின்ர மேசையில வைச்சிட்டு, ஒரு பிளேன்ரீயும் குடியாமல் போற ஆள். நான் வாசலில இருந்து, வைரவர் வந்திட்டார், வாகனத்தைக் காணேல்லை, நாய் எங்க எண்டு கேப்பன். அவர் திரும்பியும் பாக்கமாட்டார்.

ஒரு நாள் காலமை நான் போகேக்க பலகை திறந்தபடி கிடந்தது. கிராம சேவகர் வாசலில நிண்டு கூப்பிட, தவமலர் எழும்பி வெளியால போயிருந்தா. அவா அதைத் திறந்து வைச்சிட்டு எழும்பி நான் கண்ட ஒரே நாள் அதுதான். நான் எட்டிப் பாத்தன். யூசர்மாரின்ர பட்டியல். எனக்கு இங்கிலிசு எழுத்துக் கூட்டத் தெரியும், விளங்கத் தெரியாது. என்ர பேர் இருந்தது, மூண்டு சரியோட. அதுக்கு மேல இன்னொரு பேர். ஒவ்வொரு எழுத்தாக் கூட்டினன். வை, ர, வ, ர். அதுக்கு நேர எல்லாச் சதுரத்திலயும் சரி, முழு உரிமை.

எனக்கு உச்சியில ஏறிச்சுது. ஒரு ஆளுக்கும் குடுக்கக் கூடாது எண்டு எனக்குப் பாடம் எடுத்தவா, வைரவருக்குக் குடுத்திருக்கிறா. முகம் முகமாப் பாத்துப் பேர் சொன்னவன் நான், எனக்கு மூண்டு சரி. தபால் தூக்கினவருக்கு எல்லாச் சரியும். கேட்டிருக்கலாம். அவா வெளியில பத்தடி தூரத்திலதான் நிண்டவா. இது ஆர் பிள்ளை எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் இவ்வளவும் எழுதத் தேவையில்லை. நான் கேட்கேல்லை. அந்தப் பேருக்குப் பக்கத்தில ஒரு குப்பை வாளிப் படம் இருந்தது. அதைத் தட்டினன். நிச்சயமோ எண்டாக்கும், என்னவோ கேட்டுது, அதையும் தட்டினன். வைரவர் பட்டியலில இல்லை. எனக்கு அழிக்கிற உரிமை தராதவாவின்ர கதிரையில இருந்துகொண்டுதான் அழிச்சனான். பிறகு வாசல் வாங்கில போய் இருந்து பேப்பர் வாசிச்சன், வாசிக்கிற மாதிரி.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. அங்க இருந்து நேர மஜீத் நானாவின்ர கடைக்குப் போனன். வயல் வெட்டு முடிஞ்ச காலம், கடை நிறையச் சனம். எனக்குக் கேக்க ஆக்கள் இருந்தால் காணும். எங்களுக்கெல்லாம் மூண்டு சரிதான், வைரவருக்கு மட்டும் தவமலர் முழு உரிமையும் குடுத்திருக்கிறா, நான் என்ர கண்ணால கண்டனான் எண்டன். உரிமை எண்ட சொல்லை எப்பிடி இழுத்தால் என்ன விளங்கும் எண்டு எனக்குத் தெரியும். அப்பிடியே இழுத்துச் சொன்னன். கடை குலுங்கினது. ஒருத்தன் எப்ப தாலி எண்டு கேட்டான். இன்னொருத்தன், அந்தத் தபால் கட்டுக்குள்ள என்ன போய் வருதெண்டு ஆர் கண்டது எண்டான். மஜீத் நானா மட்டும் சிரிக்கேல்லை, தேத்தண்ணி ஆத்திக்கொண்டே நிண்டார். நான் என்ர சீவியத்தில விட்ட பகிடியளுக்குள்ள கூடச் சிரிப்பு வாங்கினது அதுதான்.

மத்தியானம் சைற் படுத்திட்டுது. ஆர் திறந்தாலும் வெள்ளைப் பக்கம், டேற்றாபேஸோட தொடர்பு கிடைக்கேல்லை எண்டு ஒரு வரி. கனடாவில இருந்து போனுக்கு மேல போன். எனக்கு அப்பவும் ரெண்டையும் சேத்துப் பாக்கத் தெரியேல்லை. வைரவரை எடுத்த கோவத்தில தவமலர் சைற்றைப் பூட்டிப்போட்டா எண்டு நினைச்சன். நினைச்சதைக் கடையிலயும் சொன்னன். முதல் கதைக்கு அது வடிவாப் பொருந்தினது. அடுத்த நாள் அவா சைற்றை எழுப்பிப்போட்டா. கதைதான் பிறகு படுக்கேல்லை.

ஒரு கிழமைக்குள்ள வைரவநாதனின்ர மகள் ஓமந்தையில இருந்து வந்து, தவமலரின்ர வாசல் படலையில நிண்டு, ரோட்டுச் சனம் கேக்கத் தக்கதா நாலு கேள்வி கேட்டிட்டுப் போனா. நிலையக் கூட்டத்தில ஆரோ ஒருத்தன், சைற்றில ஆருக்கு என்ன உரிமை எண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். தவமலர் எழும்பி, அது ஆள் இல்லை எண்டு சொல்லத் தொடங்கினா. பின் வாங்கில இருந்து ஒருத்தன், ஓம், சாமி எண்டான். எல்லாரும் சிரிச்சினம். நான் சிரிக்கேல்லை எண்டு எழுத ஆசைதான். நானும் சிரிச்சனான். அவா இருந்திட்டா. அதுக்குப் பிறகு நிலையத்துக்கு வரேல்லை, வீட்டில இருந்தே வேலையைச் செய்தா. வைரவநாதன் செயலாளர் பதவியை விட்டார். தபாலும் தூக்கிறேல்லை.

பிறகு என்னை வரச் சொல்லி அனுப்பினா. போனன். செல்வமலர் கதிரை போட்டிட்டுக் குசினிக்குள்ள போயிட்டா. தவமலர் லப்ரொப்பை என்ர பக்கம் திருப்பி வைச்சா. பட்டியலில என்ர பேர் மூண்டு சரியோட அப்பிடியே இருந்தது. எடுத்திருப்பா எண்டு நினைச்சுக்கொண்டு போனவன் நான்.

"வைரவரை வெளியால விட்டது நீங்கள்தானே, அண்ணை?"

நான் குனிஞ்சு பட்டியலில என்ர பேரைப் பாத்தன்.

"கோயிலில பூசை முடியப் பூட்டிப்போட்டு ஐயர் திறப்பை ஆரிட்ட வைச்சிட்டுப் போறவர்?"

"வைரவரிட்ட. காவல் சாமியெல்லே."

"அதுதான். ஒரு சனம் வந்து ஒரு பேரைத் தேடேக்க, களஞ்சியத்தைத் திறந்து எடுத்துக் குடுக்க ஆரும் வேணும். அது மனிசர் இல்லை. சைற்தான் போய் எடுக்கிறது. அது உள்ளுக்கப் போறதுக்கு நான் வைச்ச பேர் அது. திறப்பு அவரிட்ட இருக்கட்டும் எண்டு வைச்சனான். ஆளுக்குக் குடுக்கக் கூடாது எண்டுதானே உங்களுக்குச் சொன்னனான்."

ஊரில பேர் தெரியாத குழந்தையில்லை எண்டு பெருமை பேசினவன், சாமியின்ர பேரை ஆளின்ர பேர் எண்டு வாசிச்சிருக்கிறன். அவா கத்தேல்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிப்போட்டு, அதோட சரி எண்டு வந்திருப்பன். ஒண்டைத்தான் கேட்டா. "கடையில சொன்னதைக் கடையிலயே போய்த் திருப்பிச் சொல்லுங்கோ, அண்ணை. எனக்காண்டி எண்டு இல்லை. அந்த மனிசன் ரோட்டில தலை நிமிர்ந்து போகட்டும்." ஓம் பிள்ளை, நாளைக்கே சொல்லுறன் எண்டன். வெளிக்கிடேக்க, அந்தப் பேரை மாத்திப்போட்டன் எண்டா. இப்ப அதுக்குப் பேர் இல்லையாம், வெறும் இலக்கம்தானாம்.

அடுத்த நாள் கடைக்குப் போனன். போய் இருந்தன். தேத்தண்ணி குடிச்சன். சொல்லேல்லை. சொன்னால் சிரிப்பு என்ர பக்கம் திரும்பும். வைரவர் ஆள் எண்டு நினைச்சுக் கொம்பியூற்றருக்குள்ள போய்ச் சாமியைத் துரத்தின சின்னராசா எண்டு எனக்கு ஒரு பட்டப்பேர் வரும், சாகும் மட்டும் போகாது. ஊருக்கெல்லாம் பேர் வைச்சவன், எனக்கு ஒரு பேர் வாறதுக்குப் பயந்தன். காரணம் அவ்வளவுதான். வேற நல்ல காரணம் இருக்கோ எண்டு இந்த நாளுகளில நல்லாத் தேடிப் பாத்தன். இல்லை. நாளைக்கு, நாளைக்கு எண்டு நாலு வருசம் போச்சு.

அவா பிறகு அதைப் பற்றி ஒரு தரமும் கேட்கேல்லை. பேர் தெரியாத படம் வந்தால் செல்வமலரிட்டக் குடுத்து விடுவா. நான் எழுதி அனுப்புவன். ஒருக்கா வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போற பஸ்ஸில அவா முன்னுக்கு இருந்தவா, நான் பின்னுக்கு. இடையில ஒரு தரிப்பில வைரவநாதன் ஏறினார். அவாவைக் கண்டார். பஸ்ஸுக்குள்ள ஆரோ செருமிச்சினம். மனிசன் அடுத்த தரிப்பிலயே இறங்கி வெயிலுக்க நிண்டார், அடுத்த பஸ் வரட்டும் எண்டு. அவா யன்னலால வெளியில பாத்துக்கொண்டு இருந்தா. திரும்பி என்னைப் பாப்பா எண்டு பயந்துகொண்டு இருந்தன். பாக்கேல்லை.

செத்தவீட்டிலயும் அவர் உள்ளுக்க வரேல்லை. வேலிக்கு அங்கால, ரோட்டில, சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். காலமை நிண்டவர், பாடை வெளிக்கிடும் மட்டும் அப்பிடியே நிண்டார். உள்ளுக்க வந்தால் கதைப்பினம் எண்டு. ஊரில ஒரு பகையாளி செத்தாலும் படலையைத் தாண்டி வந்து முகம் பாத்திட்டுப் போறது எங்கட வழக்கம். அந்த மனிசனுக்கு அதுகும் ஏலாமல் செய்தது என்ர ஒரு சொல்லு. நான் உள்ளுக்க, அவாவின்ர கால்மாட்டில, நல்ல கதிரையில இருந்தனான்.

அடுத்த நாள் மஜீத் நானாவின்ர கடைக்குப் போய், எழும்பி நிண்டு சொன்னன். வைரவர் எண்டது ஆள் இல்லை, சைற்றுக்கு வைச்ச பேர், அழிச்சது நான், கதையைக் கட்டினதும் நான், அவைக்கு இடையில ஒண்டும் இல்லை எண்டு. சிரிப்பினம் எண்டு நாலு வருசம் பயந்தனே, ஒருத்தரும் சிரிக்கேல்லை. நாலைஞ்சு பேர்தான் இருந்தது. மஜீத் நானா துணியால மேசையைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "அண்டைக்கு நீங்க சொல்லக்க கடை நிறைய ஆக்கள், அண்ணை. மிச்சப் பேருக்கு இனி ஆர் சொல்றது? அவவுக்கு ஆர் சொல்றது?" அதுதான் இந்தக் கல்வெட்டில எழுத வந்தனான். இது ஊரில எல்லா வீட்டுக்கும் போகும், வெளிநாட்டுக்கும் போகும். அவாவுக்கு மட்டும் போகாது.

எழுதி முடிச்சு, பேர் வாறபடியால், வைரவநாதனிட்டக் கொண்டு போனன். முற்றத்தில இருந்து வயலுக்கு மருந்தடிக்கிற மெசினைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் எழும்பேல்லை, இரு எண்டும் சொல்லேல்லை. கையைத் துடைச்சு, கண்ணாடியைப் போட்டு, நான் நிக்க நிக்க எல்லாத் தாளையும் வாசிச்சார். வாசிச்சுப்போட்டு, "இதில ஒரு பிழை இருக்கு" எண்டார். எந்த இடத்தில எண்டு கேட்டன்.

"அவைக்கு இடையில ஒண்டும் இல்லை எண்டு எழுதியிருக்கிறாய். அவாவுக்கு ஒண்டும் இல்லை. அது சரி." கண்ணாடியைக் கழட்டினார். "நான் அந்தச் சித்திரை கழிய அவாட்ட ஒரு விசயம் கேப்பம் எண்டு இருந்தனான். ரெண்டு பேரும் தனியத்தானே இருக்கிறம் எண்டு. நீ முந்திப்போட்டாய்."

நான் அவற்ற முற்றத்து மண்ணிலயே இருந்திட்டன். இதையும் எழுதட்டோ எண்டு கேட்டன். "எழுது" எண்டார். "அவாவுக்கு இது தெரியாது எண்டதையும் சேத்து எழுது."

எழுதியிருக்கிறன். தெரியாது. நல்லதோ, கெட்டதோ, இதைப் பற்றி அந்த மனிசன்ர வாயால ஒரு சொல்லும் அவா கேட்கேல்லை. நான் சொன்னதைத்தான் கேட்டவா.

செத்த ஆளிட்ட இருந்து என்னத்தை வைச்சிருக்கிறன் எண்டு சொல்லித்தான் இப்பிடி எழுதுறதை முடிக்கிறவை. எனக்கு அவா ஒரு வேலை தந்தவா. போய்த் திருப்பிச் சொல்லுங்கோ எண்டவா. நாலு வருசம் அதைச் செய்யாமல் மடிக்குள்ள வைச்சிருந்தனான், இப்ப செய்தும் அது முடியேல்லை. கதையைக் கேட்ட ஆக்கள் இருக்கும் மட்டும் அது என்னட்டத்தான் இருக்கும்.

முப்பத்தொண்டு அண்டைக்கு வைரவநாதன் வருவார். கேட்டனான், வாறன் எண்டவர். அவர் படலைக்கு உள்ளுக்க வருவார், முன்னுக்கு ஒரு கதிரை போடுங்கோ. அந்த நேரம் ஆருக்கும் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். என்ர பக்கம் திரும்பிச் சிரியுங்கோ.